மாமியார் சைஸ் நாசில்

மாமியார் கான்செப்டா இரண்டு ஸ்வெட்டர், ஒரு மேல்கோட்டு, தலையில் தேநீர்க் கெண்டிக்கு மாட்டும் கம்பளி உறை சகிதம் காலைச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"உங்க மாமனார் படுத்திருக்கிற கல்லறைகூட இதைவிட வெதுவெதுப்பா இருக்கும், மாப்ளே."

மாலக்கி சாசேஜை வெட்டினான். லீட்ரிம் மலைப்பாதையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன் அவன். பனியில் சறுக்கும் பேருந்தை அடக்கிவிடுவான். இந்த அம்மாளை அடக்க வழி தெரியாது.

"பெரியவ வீட்டுல தரையே சுடும். அந்த மாப்ள இன்ஜினியராச்சே!"

அது சுருக்கென்று தைத்தது. மாலக்கி எழுந்தான்.

"பாய்லர்ல கைய வெக்காத," என்றாள் மனைவி டெர்வ்லா. "பாய்லர்காரன் ஃபின்டன் வந்து பாத்துக்குவான்."

"பெத்த தாய் நடுங்குறா, உனக்கு ஃபின்டன் வரணுமா?"

பின்கட்டுக்குப் போய், வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் மின்சாரத்தை அணைத்து, பர்னரைக் கழற்றினான். மண்ணெண்ணெயைப் பீய்ச்சும் நாசில் சுண்டுவிரல் நகத்தளவு இருந்தது. இத்தனூண்டு ஓட்டை இருந்தால் வீடு எப்படிச் சுடும்?

சாமான் கடையில், கடைக்காரி அசம்ப்டா கேட்டாள்: "என்ன சைஸ்? பீய்ச்சுறது எத்தனை டிகிரி கோணம்?"

"நெருப்புக்கு ஏதும்மா கோணம்? இருக்கிறதுலயே பெருசாக் குடு."

மாட்டியதும் பாய்லர் கர்ஜித்தது. வெளிக்குழாய் குபுகுபுவென்று கரும்புகை கக்கியது. சற்று நேரத்தில் பக்கத்துத் தோட்டத்து கஹால் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"மாலக்கி, என் வெள்ளை ஆட்டைக் காணோம். ஆனா கறுப்பா ஒன்னு நிக்குது. உன்னுதா?"

ஆட்டைக் குளிப்பாட்டுவதற்குள் மாலக்கி ஆட்டைவிடக் கறுத்துப்போனான். மறுபடி கடைக்கு ஓடினான். இந்தமுறை அளவு சரி, கோணம் தப்பு. தீ பக்கச்சுவரில் மோத, பாய்லர் பேய் பிடித்ததுபோல் ஆடியது. மாடியில் கண்ணாடித் தம்ளருக்குள் கான்செப்டாவின் பல்செட் தானாகவே ஜெபமாலை சொன்னது.

"போதும், விட்ரு! நான் கும்பிட்டுக் கேக்குறேன்," என்று டெர்வ்லா மன்றாடினாள்.

"உங்கம்மா விறைச்சுப் போறதைப் பாத்துட்டு விடச் சொல்றியா?"

விளக்கைப் பிடித்துக்கொண்டு பாய்லரின் முதுகுப்புறம் தரையில் படுத்தான். அங்கே ஒரு தகரப் பட்டையில் எந்த அளவு, எந்தக் கோணம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, அதையே வாங்கி வந்து மாட்டினான்.

நெருப்பு பூனைபோல் உறுமி அடங்கியது. புகையில்லை, ஆட்டமில்லை. வீடு முழுக்க இதமாகச் சூடு பரவியது. கான்செப்டா முதலில் கம்பளி உறையைக் கழற்றினாள், பிறகு மேல்கோட்டை, பிறகு ஸ்வெட்டர்களை. கடைசியில் காலுறையையும் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"இன்ஜினியர் என்ன இன்ஜினியர்! நீங்கதான் மாப்ளே ஆம்பளை. ஸ்லைகோவுல இருக்கிற என் வீட்ட வாடகைக்கு விடச் சொல்லி இப்பத்தான் போன் போட்டேன். இனிமே எனக்கு இதுதான் வீடு."

டெர்வ்லா கையிலிருந்த கோப்பை தரையில் விழுந்து நொறுங்கியது. பாவம், ஆனந்தத்தில் நழுவவிட்டாள் என்று மாலக்கி நினைத்தான். தாயும் மகளும் சேர்ந்திருக்கத் தானல்லவா வழி செய்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

மறுநாள் பாய்லர்காரன் ஃபின்டன் வந்தான். மாலக்கி அவனைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய் பெருமையாகக் காட்டினான்.

"பாரு, நானே போட்டேன். முன்ன எந்த மடையன் சின்ன நாசிலைப் போட்டானோ!"

ஃபின்டன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"நான்தாம்ப்பா போன வாரம் போட்டேன். 'எங்கம்மா ஊருக்குக் கெளம்புற வரைக்கும் இதுவே இருக்கட்டும்'னு உன் பொண்டாட்டிதான் போடச் சொன்னா."