ஏழு கண் உருளைக்கிழங்கு

"பொடிமாஸ் பிரமாதம்!" என்று மணிவண்ணன் தன் சமையலைத் தானே மெச்சிக்கொண்டிருந்தபோது, பத்மப்ரியா ஜன்னலோரத்துக் காலித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"இதுல இருந்த உருளைக்கிழங்கு எங்கங்க?"

"பொடிமாஸுக்கு ஒண்ணு குறைஞ்சுது. எடுத்துப் போட்டுட்டேன்."

"அய்யய்யோ! அது மகிழினியோட சயின்ஸ் உருளைக்கிழங்கு!"

மணிவண்ணன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான். ஷர்மிளா டீச்சர் நாலாம் வகுப்பின் இருபது பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கிழங்கு கொடுத்திருந்தார். வாரம் முழுக்க உற்றுப் பார்த்து, கண்டதை மட்டும் எழுத வேண்டும், ஊகம் கூடாது. வெள்ளிக்கிழமை கிழங்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை, பெற்றோர் முன்னிலையில், இருபதையும் கலந்து கொட்டுவார்கள். தன் கிழங்கை அடையாளம் கண்டால் பூதக்கண்ணாடி பரிசு. மகிழினி அதை வைக்க மேஜையில் இடம்கூட ஒதுக்கிவிட்டாள். குழந்தை அழுதால் மணிவண்ணனால் தாங்க முடியாது.

இன்று வியாழன். நடன வகுப்பிலிருந்து அவள் திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"பதறாத! பாலாநகர் ஃபேக்டரியில பதினாலு வருஷமா குவாலிட்டி இன்ஸ்பெக்டர் நான். என் கண்ணுக்குத் தப்புமா?"

மகளின் நோட்டைப் பிரித்தான். நீளம் எண்பத்திரண்டு மில்லிமீட்டர். எடை நூற்றுப் பதினாலு கிராம். கண்கள் ஏழு. வயிற்றில் நகம் பட்டது போல ஒரு கீறல்.

தெருமுனைக் காய்கறிக் கடையில் அவன் அளவுகோலும் கையுமாக மூட்டையைக் கிளறுவதை அப்துல் காதர் பாய் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"கைக்கு சார், எதுக்கு இவ்வளவு சோதனை? கிழங்கு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

நாலு கிலோவில் ஒன்று தேறியது. ஆனால் அதற்கு ஒன்பது கண். இரண்டைக் கத்தியால் எடுத்தான், எடை குறைந்தது. எடை ஏறட்டும் என்று தண்ணீரில் ஊறப் போட்டான், தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் பூந்தொட்டி மண்ணைக் குழைத்து அப்பினான். அது காய்ந்து உதிர்ந்தது. கடைசியில் காபி டிகாஷன் பூசினான்.

பத்மப்ரியா முகர்ந்து பார்த்தாள். "இதுக்கு சர்க்கரைதான் பாக்கி."

மறுநாள், "நானே ஸ்கூல்ல குடுத்துடறேன்டா கண்ணு" என்று பையில் மறைத்துக்கொண்டு போய் வகுப்புக் கூடையில் சேர்த்துவிட்டான்.

சனிக்கிழமை ஹாலில் உட்கார இடமில்லை. டீச்சர் விசிலடித்ததும் பிள்ளைகள் மேஜை மேல் பாய்ந்தார்கள். "இது என்னோடது!" "மிஸ், கிடைச்சிடுச்சு!" என்று ஒரே கூச்சல். பத்தொன்பது பேர் பத்தொன்பது கிழங்கைத் தூக்கிக் காட்ட, கைதட்டல் கூரையைப் பிளந்தது.

மகிழினி மட்டும் வெறுங்கையோடு நின்றாள். மேஜையில் ஒரே ஒரு கிழங்கு மீதி இருந்தது.

"எடுத்துக்கோம்மா. மிச்சம் இருக்கறது உன்னோடதுதானே?" என்றார் டீச்சர்.

"நை மிஸ். இது என்னோடது இல்ல. இதுக்கு ஆறு கண்ணுதான்."

மூன்றாம் வரிசையிலிருந்து மணிவண்ணன் எட்டிப் பார்த்தான். ஏழு கண்ணும் இருந்தது. அவன் கைப்படக் கீறிய கீறல் இருந்தது. டிகாஷன் பளபளப்புகூடத் தெரிந்தது. சந்தேகமே இல்லை, அவன் செய்த கிழங்கேதான்.

மகளின் உதடு துடித்தது. அதற்கு மேல் அவனால் உட்கார முடியவில்லை.

"மேடம், குழந்தை சொல்றது நிஜம்! அவளோடதை நான் பொடிமாஸ் பண்ணிட்டேன். அங்க இருக்கறது நான் செஞ்ச டூப்ளிகேட். எங்க இருந்தாலும் அடையாளம் சொல்லுவேன்!"

ஹாலே சிரித்தது. மகிழினி கண்ணில் நீரோடு அப்பாவை முறைத்தாள். மணிவண்ணனுக்குக் காது வரை சிவந்தது.

சிரிப்புச் சத்தம் கேட்டு, பள்ளிச் சமையல்காரம்மா ஆரோக்கியமேரி கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"எதுக்கு டீச்சர் கிழங்கை வச்சுக்கிட்டு இவ்வளவு கூத்து? நேத்து கூடையில இருந்த இருபதையும் மத்தியானக் குருமாவுல போட்டுட்டேனே. இதெல்லாம் இன்னைக்குக் காலையில நான் மார்க்கெட்ல வாங்கி, கூடையில பதிலுக்கு வச்சது!"