இரண்டு அழிப்பான் கேட்ட சந்தியோகு

நம்மிடையே ஓர் இனம் உண்டு. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று கூட்டத்தில் முழங்கும்; கூட்டம் கலைந்ததும் "எங்கட சனத்துக்குக் கொஞ்சம் வேற மாதிரி" என்று காதோரம் வரும். மன்னார் நிவாரணக் கந்தோரில் இந்த இனத்தின் பெயர் சந்தியோகு, அலுவலகப் பொறுப்பதிகாரி. யுத்த நிறுத்தம் கடதாசியில் மட்டும் இருந்த காலம்.

முகாம் குடும்பங்களின் அட்டைகளுக்குக் கணினியில் நிரல் எழுதியவள் றாபியா. மீனவரோ கூலிக்காரரோ, எல்லா அட்டையையும் வார்க்க ஒரே பொது அச்சு. பத்து நாள் ஆளைக் காணாவிட்டால் அந்த அச்சிலுள்ள அழிப்பான் என்ற கட்டளை அட்டையைத் துடைக்கும்; அரிசிப் பங்கை மட்டும் ஒரு மாதம் ஒதுக்கி வைக்கும்.

சந்தியோகுவுக்கு இது பொறுக்குமா? மடுமாதா கோவில் பெருநாளுக்குப் போய்க் கூடாரமடித்துக் கிடக்கும் தன் கரையூர் மீனவச் சனத்துக்குப் பங்கு இருக்கலாம், அது பக்தி. சிறுபோக அறுவடைக்கு நறுவிலிக்குளம் போகும் மலையகத்துச் சனத்துக்கு எதற்கு? அது ஊர்சுற்றல். ஆகவே அவர்களுக்கு வேறோர் அழிப்பான், பங்கையும் சேர்த்துத் துடைப்பதாக, எழுதச் சொன்னார்.

"எழுதிப் பாத்தனான் சேர். நிரலைச் சரிபாக்கிற கம்பைலர் விடுதில்லை. ஒரு அச்சுக்கு ஒரு அழிப்பான்தானாம். ஆர் எவர் எண்டு அதுக்குச் சொல்லிவிடவும் ஏலாது."

"அதுக்கு இஞ்சத்தை நிலவரம் விளங்காது பிள்ளை. திருப்பி அமத்துங்கோ."

நாலு தரம் அமத்தினாள். நாலு தரமும் அதே பிழை. சந்தியோகு கம்பைலர் செய்த வெள்ளைக்காரனை ஏசினார், றாபியாவின் படிப்பை ஏசினார், ஜெனரேற்றரை ஏசினார். தன் விதியை மட்டும் ஏசவில்லை.

பதினொரு நாள் முகாமில் இல்லாமல் திரும்பிய மலையகத்து லெட்சுமணன் வெளியே சாக்கோடு நின்றான். அச்சிட்ட பட்டியலில் அவன் பங்கு பத்திரமாக இருந்தது.

"எங்கை போனனி?"

"அறுப்புக்குங்க ஐயா. வீட்டுல நாலு உசுரு இருக்குங்க."

"மடுவுக்குப் போனனியோ?"

"இல்லீங்க."

"பிறகென்ன கதை."

சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். பேனா பிழை காட்டவில்லை. லெட்சுமணன் வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கினான்.

சந்தியோகுவைத் தாராளமாக ஏசுங்கள். ஆனால் வாசித்துக்கொண்டு வரும்போது, இந்த ஆள் நம்ம பக்கமா மற்றப் பக்கமா என்று ஒரு கணம் யோசித்தீர்கள் அல்லவா? அதைப் பார்த்துவிட்டு ஏசலாம் என்றுதானே இருந்தீர்கள்?