தலையணைக்கு எண்ணெய் பூசிய ஞாயிறு

அரசு வேலைக்குத் தேர்வு நடத்துகிறவர்கள் எல்லாரும் கூடிப் பேசி, எங்கள் சபையைப் பழிவாங்குவதற்கென்றே ஞாயிற்றுக்கிழமையைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். எங்களுக்கு ஞாயிறு ஓய்வுநாள். அன்றைக்கு வேலை செய்யக் கூடாது, வாங்கக் கூடாது, விற்கக் கூடாது. பஸ் ஏறினால் கண்டக்டரை வேலை வாங்கிய பாவம் சேரும். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு சனிக்கிழமையே கொதித்து முடித்திருக்கும் (மறுநாள் மத்தியானம் அது என்ன குழம்பு என்று கண்டுபிடிக்கவே தனி விசுவாசம் வேண்டும்).

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். சபையில் மூப்பர், போதகருக்கு அடுத்த பொறுப்பு. ஞாயிறு ஷிப்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னதற்காகவே சூப்பர்வைசர் பதவி அவரைத் தாண்டி வேறொருவருக்குப் போனது. அதற்காக அவர் ஒருநாளும் அங்கலாய்த்ததில்லை. அதனாலேயே அவரிடம் வாயைத் திறக்க எனக்குப் பயம்.

படித்து முடித்து வீட்டில் சும்மா இருந்த எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சென்டர் போட்டு ஹால் டிக்கெட் வந்தது. ஞாயிறு காலை. ஆராதனையும் அதே நேரம். நான் காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். வழக்கம்போல அப்பாவும் அம்மாவும் வெகு முன்னதாகவே சபைக்குப் போனதும், நான் திரும்பி வரப் பிந்தினாலும் தூங்குவதாக நினைக்கட்டும் என்று தலையணைகளை அடுக்கிப் போர்வையால் மூடிவிட்டு பஸ் ஏறினேன். (மூளையைத் தேர்வு ஹாலில் செலவழிக்க வேண்டியவள் கட்டிலில் செலவழித்தேன்.)

தேர்வு மைய வாசலில் பெண்களையெல்லாம் கம்மல், வளையல், சங்கிலி கழற்றச் சொன்னார்கள். ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். எனக்குக் கழற்ற ஒன்றுமே இல்லை. எங்கள் சபையில் பெண்கள் பொட்டுத் தங்கம் போடமாட்டோம். பிறந்ததிலிருந்து அந்தத் தேர்வுக்கே தயாரானவள் மாதிரி நிமிர்ந்து உள்ளே போனேன். ஹால் முழுக்க மூளிக் காதுகள். எங்கள் சபை மாதிரியே இருக்கிறதே என்று சிரிப்பு வந்தது. உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அதில் சில காதுகள் நிஜமாகவே எங்கள் சபைக் காதுகள். எனக்கு முன்னால் போதகரின் மகள் கிருபா. ஜன்னலோரம் ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிற சாம். பாடகர் குழு அநேகமாக முழுசாக வந்திருந்தது.

வினாத்தாளோடு வந்த கண்காணிப்பாளரைப் பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எங்கள் ஓய்வுநாள் பள்ளியின் தலைவர் தானியேல் சார். அரசுப் பள்ளி ஆசிரியர். ஓய்வுநாளை எப்படி ஆசரிப்பது என்று சின்ன வயதில் எனக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். என் ஹால் டிக்கெட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத்தான் அதிகம் வியர்த்தது.

"சபைல எனக்குக் காய்ச்சல்னு சொல்லிருக்கேன் தாயி" என்று குனிந்து கிசுகிசுத்தார். எனக்கும் அதே காய்ச்சல்தான் என்று சொன்னேன்.

அதே நேரம் சபையில் நடந்ததைப் பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். பாடகர் குழு உட்காரும் இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்துப் போதகர் விசாரித்திருக்கிறார். எல்லா வீட்டிலும் காய்ச்சல். ஊரில் விஷக்காய்ச்சல் பரவுகிறது என்று முடிவுகட்டி, பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டு (எங்கள் சபை வரலாற்றில் முதல் முறை) வீடு வீடாகப் போய் ஜெபிக்கப் புறப்பட்டுவிட்டார். நோயாளியின் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபிப்பது எங்கள் வழக்கம். முதல் வீடு மூப்பர் வீடு. எங்கள் போதகர் வாசலைத் தாண்டும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவர். போர்வைக்குள் கையை விட்டு, நெற்றி என்று நினைத்த இடத்தில் எண்ணெயைப் பூசி, கண்ணீரோடு ஜெபித்திருக்கிறார். "காய்ச்சல் எறங்கிருச்சு, சில்லுன்னு இருக்கு" என்று அவர் சாட்சி சொன்ன பிறகுதான் அம்மா போர்வையை விலக்கினாள்.

அடுத்தடுத்த வீடுகளிலும் நோயாளிகளைக் காணோம். கடைசியில் அவர் சொந்த வீட்டுக்கே போய்ப் பார்த்திருக்கிறார். கிருபாவுக்குத் தலையணை அடுக்கும் பொறுமைகூட இல்லை.

இது எதுவும் தெரியாமல் நாங்கள் எல்லாரும் ஒரே பஸ்ஸில், இத்தனை பாவத்தோடு இன்னொன்று என்று வாங்கிய பால்கோவாவைத் தின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தோம். எங்கள் வீட்டு வாசலில் சபை நின்றது.

அன்று சாயங்காலமே சபைக் கூட்டம். முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுத்தால் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து கிடையாது. அதைவிடப் பெரிய சங்கதி, தன் வீட்டை நடத்தத் தெரியாதவர் மூப்பராக இருக்க முடியாது என்பது. நான் பணிந்தால் அப்பாவின் பொறுப்பு தங்கும். அது எனக்கும் தெரியும், அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"காய்ச்சல்னு பொய் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க" என்றேன். "பரிட்சை எழுதுனதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

அப்பா எழுந்தார். "ஏட்டி, ஞாயித்துக்கெழமைக்காக நான் பதவிய விடலயா?"

"அது நீங்க விட்டதுப்பா. எனக்கும் சேத்து நீங்க விட முடியாது."

இன்னும் யார் யார் மன்னிப்புக் கேட்க மாட்டீர்கள் என்று போதகர் கேட்டார். கிருபா எழுந்தாள். சாம் எழுந்தான். பாடகர் குழு முழுக்க எழுந்தது. தானியேல் சார் பாதி எழுந்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, பிறகு முழுசாக எழுந்தார். எங்களை விலக்கினால் பாட ஆளில்லை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆளில்லை. பெரியவர்களும் மைக்கும்தான் மிஞ்சும். அந்த மைக்கை ஆன் பண்ணத் தெரிந்தவனும் எங்கள் பக்கம். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. இன்றுவரை ஒத்திவைத்தபடியே இருக்கிறது.

அப்பா மட்டும் ஒத்திவைக்கவில்லை. அன்றைக்கே மூப்பர் பொறுப்பை விட்டார். அப்புறம் எவ்வளவோ கேட்டும் திரும்ப ஏற்கவில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது. வலிக்கிறது என்பதற்காக நான் சொன்னதைத் திரும்பப் பெறவும் இல்லை. பாடகர் குழுவை விடவில்லை, காதில் கம்மலும் போடவில்லை. வாலிபப் பிள்ளைகள் சபையை விட்டுப் போகிறார்களே என்று உபவாசக் கூட்டம் போட்டு அழுகிறவர்களிடம் நான் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன்: நாங்கள் போகவில்லை, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம், எங்களிடம் பேசுங்கள்.

அந்தத் தேர்வில் நான் தேறவில்லை (எண்ணெய் தலையணைக்கல்லவா போனது). அடுத்த தேர்வும் ஞாயிறுதான். இந்த முறை அப்பாவிடம் நேராகச் சொன்னேன். காலையில் பார்த்தால் அவருடைய மொபெட் வாசலில் நின்றது.

"ஏறு. பெட்ரோல் நேத்தே போட்டாச்சு. இன்னைக்கு யாரையும் வேல வாங்கல" என்றார்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், நிஜமாகவே உடம்பு கொதித்தாலும், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். அது மெல்லச் சபைக்கும் பரவிவிட்டது. போன மாதம் போதகருக்கே காய்ச்சல். இன்றைக்கு ஆராதனைக்கு வரமாட்டார், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று தானியேல் சார் மைக்கில் அறிவித்தார். சபை அமைதியாகத் தலை குனிந்தது. பின்வரிசையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"எந்த சென்டரு?"