ஐந்தாவது கட்டம்

எல்லாக் கப்பும் முளைத்துவிட்டது, ஒன்றைத் தவிர.

மூன்றாம் வகுப்பின் ஜன்னலோரம் முழுக்கக் காகிதக் கப்புகள். ஒவ்வொன்றிலும் மண், ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய சீட்டு. வரிசையின் கடைசியில் இருந்த கப்பில் மட்டும் சீட்டு இருந்தது, மண் இருந்தது, வேறெதுவும் இல்லை. அதன் எதிரே, மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் அவளுக்குப் பூனைக்குட்டி என்று பெயர். நடந்தால் சத்தம் வராது, பேசினாலும் வராது.

வாத்தியார் அவள் பக்கத்தில் குனிந்தார்.

"என்ன கண்ணு, வருத்தமா இருக்கா?"

"இல்ல சார்."

"பின்ன ஏன் சாப்பிடாம உக்காந்திருக்க?"

"சும்மா சார்."

அந்த 'சும்மா' அவர் நெஞ்சில் போய்த் தைத்தது.

அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அட்டவணை சார். எதைச் சொன்னாலும் கரும்பலகையில் கோடு இழுத்து, கட்டம் போட்டுத்தான் சொல்வார். வீட்டிலும் அப்படித்தான். துவைக்கிற துணி, தேய்க்கிற துணி, இன்னொரு தடவை போடலாம் என்கிற துணி என்று மூன்று கூடை வைத்திருந்தார். "நான் எந்தக் கூடை?" என்று மனைவி ஒருமுறை கேட்டபோது, அவர் நிஜமாகவே யோசித்ததுதான் தப்பாகப் போயிற்று.

பயிர்ப் பாடத்தை அவர் பல வருஷமாக நடத்துகிறார். தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, காய்கறி என்று நான்கு கட்டம். நெல்லைத் தூக்கி முதல் கட்டத்தில் போடு, கடலையைத் தூக்கி மூன்றாவதில் போடு, மணி அடித்துவிடும். ஆனால் ஒரு விதையைக்கூட அவர் தன் கையால் மண்ணில் போட்டது கிடையாது. இந்த வருஷம் புதுப் புத்தகத்தில் 'விதைத்துப் பாருங்கள்' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. சரி, செய்துதான் பார்ப்போமே என்று விதை வாங்கி வந்து, ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு மறந்தே போனார்.

ஒரு காலை வகுப்புக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மக்காச்சோளம் இறுக்கிச் சுருட்டிய பச்சைத் தாள் போல மண்ணைக் குத்திக்கொண்டு வந்திருந்தது. சூரியகாந்தி விதைத்தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டே எழுந்திருந்தது. அவரைச் செடி முதலில் முதுகை மட்டும் காட்டியது. மதியத்துக்குள் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி தலையைத் தூக்கிவிட்டது. சாக்பீஸ் பிடித்த கை அன்று பலகைக்குப் போகவே இல்லை. பிள்ளைகளும் அவரும் வாயைப் பிளந்தபடி ஜன்னலோரம் நின்றார்கள். கேள்விப்புலி என்று பெயர் எடுத்த பையன் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"சார், அவரைக்காய் காய்கறி. காஞ்ச கொட்டை பருப்பு. அப்ப அவரை எந்தக் கட்டம்?"

அட்டவணை சார் வெகுநேரம் யோசித்து, இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் 'அவரை' என்று எழுதினார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கோட்டின் மேல் எழுதினார்.

பூனைக்குட்டிக்குக் கிடைத்ததும் அவரைதான். அதுதான் முளைக்கவில்லை.

அவள் 'சும்மா' என்று சொன்ன அன்று மாலை, பள்ளிக்கூடம் விட்டதும் நேராக நர்சரிக்குப் போனார். கடைக்காரர் ஒரு கையில் தண்ணீர்க் குழாயும் மறு கையில் போனுமாக நின்றார்.

"அவரை நாத்து ஒண்ணு வேணும்."

"கடைசித் தட்டுல இருக்கு, எடுத்துக்கோங்க சார்."

கடைசி என்றால் எந்தப் பக்கத்துக் கடைசி என்று அவர் கேட்கவில்லை. தனக்கு எது கடைசியோ அதிலிருந்து எடுத்தார். மறுநாள் காவலாளி வாசற்கதவைத் திறக்கும்போதே உள்ளே நுழைந்து, பூனைக்குட்டியின் கப்பில் விரலால் குழி பறித்து, நாற்றை நட்டு, மண்ணைத் தட்டிச் சமன்படுத்தி, கையைக் கழுவிக்கொண்டு ஒன்றுமே தெரியாத முகத்தோடு உட்கார்ந்தார்.

"சார்! பூனைக்குட்டி கப்புல வந்துடுச்சு சார்!"

"அப்படியா! பாத்தியா, நான்தான் சொன்னேனே, கொஞ்சம் பொறுமையா இருந்தா அவரை தானா வரும்னு."

கேள்விப்புலி குனிந்து பார்த்தான். பக்கத்துக் கப்பையும் பார்த்தான். இலையைத் தடவினான்.

"சார், இது சொரசொரன்னு இருக்கு. இது பூசணி."

வகுப்பு முழுக்க ஜன்னலுக்கு ஓடியது. பூனைக்குட்டியின் கண் இரண்டும் தட்டாக விரிந்தது. அவள் செடியைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள், மறுபடி செடியைப் பார்த்தாள்.

"அவரை போட்டா பூசணி வருமா சார்?" என்றான் கேள்விப்புலி.

'நான்தான்டா நட்டேன்' என்று சொல்ல வாய் எடுத்தார். அந்த விரிந்த கண்களைப் பார்த்ததும் வாய் வேறு எதையோ சொன்னது.

"விதை மாறிப் போயிருக்கும். கடையில கலந்துட்டாங்க போல."

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார். சில நாள் கழித்து அதே கப்பில், பூசணிக்குப் பக்கத்தில், தொப்பி போட்டுக்கொண்டு ஒரு சூரியகாந்தி எட்டிப் பார்த்தது.

இந்த முறை அவருக்கே முடி சிலிர்த்தது. இதை அவர் நடவில்லை.

"சார், இதுவும் கடையில கலந்ததா?"

"அது... ஒரே கப்புல ரெண்டு விதை விழுந்திருக்கும்டா."

"நீங்க ஆளுக்கு ஒண்ணுதானே எண்ணிக் குடுத்தீங்க?"

"ஒட்டிட்டு இருந்திருக்கும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த வாரம் மக்காச்சோளம் வந்தது. தானியம், எண்ணெய் வித்து, காய்கறி மூன்றும் ஒரு டீ குடிக்கிற கப்பில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. பிள்ளைகள் சத்தமே போடவில்லை. கோயிலுக்குள் போனவர்கள் மாதிரி வரிசையில் வந்து பார்த்துவிட்டு, குசுகுசுவென்று பேசிக்கொண்டு போனார்கள். பூனைக்குட்டியோ இடைவேளை, விளையாட்டுப் பீரியட் எதற்கும் அந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. மூச்சு விடுகிறாளா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது.

கரும்பலகையில் யாரோ நான்கு கட்டத்துக்குப் பக்கத்தில் கோணல்மாணலாக ஐந்தாவது கட்டம் ஒன்று போட்டிருந்தார்கள். தலைப்பு: 'அதிசயம்'. அட்டவணை சார் டஸ்டரை எடுத்தார். அழிக்க மனம் வராமல் வைத்துவிட்டார். தனியாக இருக்கும்போது அவரும் அந்தக் கப்பின் முன்னால் போய்க் கைகட்டி நின்றார். பூசணி தன் கைவேலைதான், சரி. மற்றது? ஒருவேளை மண்ணுக்குள் நமக்குத் தெரியாத என்னவோ நடக்கிறதா?

அன்று இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் சொன்னார்.

"ஒரு கப்புல மூணு பயிர். நான் வெச்சது ஒண்ணுதான்."

"வேற யாராவது வெச்சிருப்பாங்க."

"என்னைத் தவிர யாருக்கு அவ்வளவு அக்கறை இருக்கு?"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "முதல்ல நீங்க வெச்சதைப் பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க. பொய்யைத் தண்ணி ஊத்தி வளக்காதீங்க."

சொல்லிவிடலாம் என்றுதான் மறுநாள் வகுப்புக்குப் போனார். போனால் பட்டாணிக் கப்பில் பட்டாணி இல்லை. பிடுங்கிக் கீழே கிடந்தது. கப்புக்குச் சொந்தக்காரன் மண்ணை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"டேய், ஏன்டா பிடுங்கின?"

"அது பட்டாணி மட்டும்தான் சார் தரும்."

"இப்ப என்னடா போட்ட?"

அவன் வாயைத் திறந்து காட்டினான். முன்பக்கம் ஒரு ஓட்டை. "நேத்து விழுந்த பல் சார்."

அடுத்த கப்பில் சட்டைப் பட்டன். அதற்கடுத்ததில் ரப்பர். ஒரு பெண் வெண்டையைத் தள்ளிவிட்டு அரைச் சாக்பீஸைப் புதைத்திருந்தாள். "உங்களுக்கு அடிக்கடி தீந்து போகுதே, அதான் சார்" என்றாள். எல்லாருக்கும் ஐந்தாவது கட்டத்துக்குள் போக வேண்டும். ஜன்னலோரத்தில் பாதிச் செடி வாடிக் கிடந்தது. முதல் நாள் எதைப் பார்த்து அவரும் அவர்களும் வாயைப் பிளந்து நின்றார்களோ, அதே முளைகள் இப்போது யாருக்கும் வேண்டாதவையாகக் குப்பைக்கூடையில் கிடந்தன.

அட்டவணை சார் குப்பைக்கூடைப் பக்கம் போனார். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிழைக்கக்கூடியதை மறுபடி நட்டார். இனி தள்ளிப்போட முடியாது.

அந்த வாரமே பெற்றோர் வந்து பிள்ளைகளின் வேலையைப் பார்க்கும் நாள். தலைமையாசிரியை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. கதவோரம் பாட்டு டீச்சர் நின்றார். பஸ் ஓட்டும் வேலையிலிருந்து காக்கிச் சட்டையோடு அப்படியே ஓடி வந்திருந்த பூனைக்குட்டியின் அம்மா கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

அட்டவணை சார் அந்தக் கப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"பிள்ளைங்களா, ஒரு உண்மையைச் சொல்லணும். இந்தக் குழந்தை கப்பு முளைக்கலேன்னு மனசு கேக்காம, இந்தப் பூசணியை நான்தான் கடையில வாங்கி நட்டேன். அவரைன்னு நினைச்சு நட்டேன். போட்ட விதை எதுவோ, அந்தச் செடிதான் வரும். நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

வகுப்பு சாரை ஏற இறங்கப் பார்த்தது. பூனைக்குட்டியின் முகம் தொங்கிப் போனது. அதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

கதவோரத்திலிருந்து பாட்டு டீச்சரின் குரல் வந்தது. "சார், சூரியகாந்தி நான். குழந்தை தினம் வாடிப் போய் உக்காந்திருந்தாளேன்னு, எங்க வீட்டுக் கிளிக்கு வாங்கின விதையில ஒண்ணை எடுத்துட்டு வந்து போட்டேன்."

பூனைக்குட்டியின் முகம் இன்னும் தொங்கியது.

பிறகு முன்வரிசையில் ஒரு கனைப்பு கேட்டது.

"அந்த மக்காச்சோளம்..." என்றார் தலைமையாசிரியை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. "என் ரூம்ல பாப்கார்ன் போட வெச்சிருந்தது. அதைப் பத்தி இதுக்கு மேல யாரும் கேக்க வேண்டாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அட்டவணை சாரும் சிரித்தார். அவருக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. ஒரு குழந்தை வாடக் கூடாது என்று இத்தனை பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் திருட்டுத்தனமாக வந்து போயிருக்கிறார்கள்! அவர் வியந்து நின்றது வீண் போகவில்லை.

"சார், அப்ப இது?" என்றான் கேள்விப்புலி.

அவன் விரல் பூசணி இலைக்கு அடியில் காட்டியது. நகக்கண் அளவு இரண்டு இலையோடு, நூல் போன்ற தண்டில் ஒரு குட்டிப் பச்சை நின்றது. தானியமா பருப்பா, ஒன்றும் தெரியவில்லை.

அட்டவணை சார் பாட்டு டீச்சரைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். இருவரும் தலைமையாசிரியையைப் பார்த்தார்கள். "நான் ஒண்ணுதான் போட்டேன்" என்றார் அவர்.

பூனைக்குட்டி எழுந்து வந்தாள். முதல்முறையாக அவள் குரல் கடைசி பெஞ்ச் வரை கேட்டது.

"இதை யாருமே வெக்கலையா சார்?"

"இல்ல கண்ணு."

"நிஜமா?"

"நிஜமா யாரும் வெக்கல."

அவள் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் தட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே குதித்தாள். அப்படி அவள் குதித்து யாரும் பார்த்ததில்லை.

அட்டவணை சாருக்கு அப்பாடா என்று இருந்தது. "பாத்தீங்களா! இவ்வளவு நாள் கழிச்சு இவளோட அவரையே முளைச்சிருச்சு!" என்றார் அவள் அம்மாவைப் பார்த்து.

அந்த அம்மா ஒன்றும் புரியாமல் எழுந்தார். "அவரையா? அவரைதான் அப்பவே முளைச்சுதே சார். ராத்திரி ஸ்கூல்ல தனியா இருந்தா பயப்படும்னு டிபன் பாக்ஸ்ல வெச்சு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாளே. இப்ப எங்க ஜன்னல் கம்பி பூரா ஏறி நிக்குது."

"அப்ப... இந்தக் கப்பு?"

"அதுல விதையே கிடையாது சார்! வெறும் மண்ணு தானா என்ன பண்ணும்னு பாக்கறதுக்காக, கிரவுண்டு மண்ணை அள்ளிப் போட்டு வெச்சா. யாராவது வந்து எதையாவது போட்டுக் கெடுத்துடப் போறாங்கன்னுதான் பாவம், தினமும் சாப்பிடாமக்கூட காவல் காத்துட்டு உக்காந்திருந்தா!"