பைப் சுருள்மேல் உட்கார்ந்த வெடி சார்

கோபப்படுவதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் வெடி சார்தான். தொண்ணூறுகளின் கடைசியில், ஆம்பூர்ப் பக்கம் ஒரு வேளாண்மை அலுவலகத்தில் அவர் கள அலுவலர், நான் தட்டச்சர்.

அவர் வேலூர் மாவட்ட ஆபீசுக்கு போன் போட்டால், "போனை வச்சுட்டே பேசுங்க சார், இங்க கேக்குது" என்பார்கள். டீ ஆறியிருந்தால் டீயைத் திட்டுவார், கொண்டுவந்தவரைத் திட்டமாட்டார். பைக் கிளம்பாவிட்டால் இறங்கி நின்று அதன் முகத்துக்கு நேரே கத்துவார். பயந்தோ என்னவோ, அது கிளம்பிவிடும்.

அப்போதுதான் சிறு விவசாயிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் வந்தது. பொய் சொல்லக்கூடாது, முதல் வருடம் கொடுத்த வேர்க்கடலை விதை அருமையாகக் காய்த்தது. அடுத்த வருடம் அதே விதை, மழையெல்லாம் பெய்து ஓய்ந்தபின் வந்து இறங்கியது. வெடி சார் ஒரு மூட்டையைத் தூக்கிப்போய் மேலதிகாரியின் மேஜைமேல் போட்டார்.

"இத வெதைக்கறதா சார், வறுத்துத் துன்றதா?"

"அடுத்த பட்டத்துக்கு வச்சுக்கச் சொல்லுங்க."

"பசியையும் அடுத்த பட்டத்துக்கு வச்சுக்கச் சொல்லட்டுமா?"

பிறகு சொட்டுநீர்ப் பாசனம் வந்தது. செல்வராணி என்ற பெண், ஷூ கம்பெனி வேலை முடிந்து வந்து அரை ஏக்கரில் கத்தரி போடுபவர். தோல் கழிவால் சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறிப் போயிருக்க, அவர் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர், ஆனால் கொஞ்சம்தான். அலைந்து திரிந்து வெடி சார் அவர் நிலத்துக்கு பைப் வாங்கிப் போட்டார்.

டெல்லி அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பிரியாணி சாப்பிடப் போனார்கள். கார்ப் புழுதி அடங்குமுன் ஒரு வேன் வந்தது. ஆட்கள் இறங்கி பைப்பைச் சுருட்டினார்கள். மறுநாள் பக்கத்து ஊரில், அதே அதிகாரிகளுக்கு அதே பைப்பைக் காட்ட வேண்டுமாம்!

"இன்னா சார் இது? குட்த்துட்டுப் புடுங்கிக்கினு போறாங்க!" என்றார் செல்வராணி.

வெடி சார் கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நேரே போய்ச் சுருட்டிய பைப்மேல் உட்கார்ந்தார்.

"எழுந்திரிங்க சார், மேலிடத்து ஆர்டர்" என்றார் வேனில் வந்த சூப்பர்வைசர்.

"மேலிடத்தையே வரச்சொல்லு!" அந்த ஒரு சத்தத்துக்கே ஷிப்ட் முடிந்து போன சனமெல்லாம் சைக்கிளை நிறுத்திவிட்டு வயலுக்குள் வந்துவிட்டது. யாரோ பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள், தொட்டுக்கொள்ள வழக்கமான கத்தரிக்காய்த் தொக்கோடு. பைப்பை விட்டு எழாமலே சாப்பிட்டார். "இன்னாய்யா கத்தரிக்கா இது, சப்புனு இருக்குது? கடைக்காரன இந்தம்மாகிட்ட வாங்கச் சொல்லு!"

வேன் காலியாகத் திரும்பியது. பக்கத்து ஊர்க்காரர்களுக்கோ காட்சிக்குக்கூட பைப் வரவில்லை, கடைசிவரை வரவேயில்லை. திட்டம் மாபெரும் வெற்றி என்று மட்டும் மேடையில் பேசினார்கள். இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செல்வராணி வயலில் பைப் நிலைத்தது. வெடி சார்தான் நிலைக்கவில்லை. தென்கோடி மாவட்டத்துக்குத் தூக்கியடித்தார்கள். வழியனுப்ப வந்த செல்வராணி, பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு பை நிறையக் கத்தரிக்காய் நீட்டினார். "இன்னாத்துக்கும்மா இவ்ளோ ஜாஸ்தி? சந்தைல போடக்கூடாதா?" என்று அதட்டிக்கொண்டே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பஸ் நகர்ந்தது. நான் அசையாமல் நின்றிருந்தேன். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "இன்னாய்யா நிக்கற, வெயில்ல? போய்யா நெழலுக்கு!" என்று கத்தினார்.

அத்தனை அன்பாக என்னை வேறு யாரும் திட்டியதில்லை.