பந்து பேசிய சீசன்

சனிக்கிழமை காலை அந்த வரிசையைப் பார்க்கும் வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும், "அடேயப்பா! இந்த ஊரில் கால்பந்துக்கு இவ்வளவு மவுசா!" என்று புல்லரித்துப் போவார். பாவம் அவர். டிக்கெட் கவுண்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசை போனது ஸ்டேடியத்துக்கு எதிர்ச் சந்தில், சைக்கிள் ஸ்டாண்டு மாடியில் இருந்த ஓர் அறைக்கு. அங்கேதான் செவிஞானி எழுந்தருளியிருந்தார்.

செவிஞானி தங்க நிற டிராக் சூட் போட்டிருப்பார். எதிரில் பட்டுத்துணி விரித்த ஸ்டூல். ஸ்டூல் மேல் ஒரு பழைய பந்து. ரசிகர் உள்ளே வந்து காணிக்கையை வைத்ததும் ஞானி பந்தின் மேல் காதை வைப்பார். கண்ணை மூடுவார். "ம்… ம்… அப்படியா சேதி?" என்பார். பந்து பேசுகிறதாம். பிறகு ரசிகரின் காதில் ஒரே ஒரு சொல்லை ஊதுவார். இன்றைக்கு வெற்றியா, தோல்வியா, டிராவா. அவ்வளவுதான்.

கூடவே ஒரு நிபந்தனை. "வாயைத் திறக்கக் கூடாது. கட்டின மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் பந்து கோபித்துக்கொண்டு முடிவை மாற்றிவிடும்."

"பந்து எப்படிங்க பேசும்?" என்று ஒருவர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

"பூமி உருண்டை. பந்தும் உருண்டை. உருண்டையின் ரகசியம் உருண்டைக்குத் தெரியாதா?"

கேட்டவர் கைகட்டி வாய்பொத்தி வெளியே வந்தார். உருளைக்கிழங்கும் உருண்டைதானே, அது ஏன் வாயே திறப்பதில்லை என்று கேட்க அந்த வரிசையில் ஓர் ஆள் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் சிலர் துள்ளுவார்கள். "சொன்னது அப்படியே பலிச்சிடுச்சு!" அவர்கள் சத்தம் ஏழு தெருவுக்குக் கேட்கும். வேறு சிலர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நழுவுவார்கள். தூக்கத்தில் உளறிவிட்டோமோ, மனைவி காதில் விழுந்துவிட்டதோ என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். நழுவுகிறவன் ஊரைக் கூட்டிச் சொல்வானா? அடுத்த வாரம் வரிசை இன்னும் நீண்டது.

கிளப் மட்டும் நன்றாக ஆடியிருந்தால் இந்த ஞானிக்கு இங்கே வேலையே இருந்திருக்காது. அந்த சீசனில் கிளப் அடிமேல் அடி வாங்கியது. முதல் மேனேஜர் எல்லாரையும் பின்னால் நிறுத்தினார். தோல்வி. இரண்டாமவர் எல்லாரையும் முன்னால் அனுப்பினார். பெரிய தோல்வி. மூன்றாமவர் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் நடந்தார். அவர் கையை வெளியே எடுப்பதற்குள் எதிரணி இரண்டு கோல் போட்டிருக்கும்.

இதையெல்லாம் அலசி ஆராயும் இடம் ரசிகர் சங்கத் தலைவரின் சலவைக்கடை. இஸ்திரி மேசையில் துணிக் கிளிப்புகளை அடுக்கித் தலைவர் அணியை நிறுத்துவார். நீலக் கிளிப் நம்ம ஆள். சிவப்புக் கிளிப் எதிராளி. வேட்டி காயவில்லை, சட்டைக்கு மடிப்பு விழவில்லை என்று வரும் வாடிக்கையாளர்கள்கூட, "அந்த நடு ஆளை ரெண்டு விரல் தள்ளி வைங்க" என்று யோசனை சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

தலைவரின் உயிர்த்தோழர் எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டர். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் இருந்தது ஒரே வைத்தியம்.

"அந்த சென்டர் பேக் ஆடுறான் தலைவரே. பிடுங்கிடணும்."

"ஆடுறதுக்குத்தானே டாக்டர் சம்பளம் கொடுக்குறாங்க?"

"இது அந்த ஆட்டம் இல்லை. வேர் வரைக்கும் ஆடுறான். பிடுங்கினாத்தான் பக்கத்துல இருக்கிறவன் பிழைப்பான்."

செவிஞானி வந்த பிறகு இந்தச் சண்டையும் அடங்கிப்போனது. கிளிப்புகள் துணி காயப்போடும் வேலைக்கே திரும்பிவிட்டன. யாரை எங்கே நிறுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொள்வானேன்? பந்தே சொல்லிவிடுகிறதே!

ஞானிக்குப் பேராசை பிடித்தது இங்கேதான். காதில் ஊதும் வரும்படி போதவில்லை. ஒரு நாள் தலைவரையும் டாக்டரையும் தனியாக அழைத்துச் சொன்னார்:

"பந்து அழுகிறது."

"ஐயையோ! எதுக்குங்க?"

"கோல்கீப்பரின் கை ராசியில்லாத கை. அவன் தொடும்போதெல்லாம் எனக்குச் சுடுகிறது என்கிறது. நான் மந்திரித்த கையுறை ஒன்று இருக்கிறது. அவன் வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். மாட்டேன் என்றால் ஆளையே மாற்றுங்கள்."

தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோல்கீப்பர் வேறு யாருமில்லை. அவருடைய சொந்த மைத்துனன். மனைவியின் உடன்பிறந்த தம்பி.

கையுறையின் விலையைக் கேட்ட மைத்துனன் சிரித்தான். "மாமா, அந்த விலைக்கு ரெண்டு கையையும் புதுசாவே வாங்கிடலாம். எனக்கு வேண்டாம்."

அவன் சிரித்தது அன்றோடு சரி. ராசியில்லாத கை என்ற சேதி ஊரெல்லாம் பரவியது. கடைக்குப் போனால் அவன் நீட்டிய நோட்டைக் கடைக்காரர் கையால் தொடவில்லை. "அங்கேயே வச்சிடுப்பா" என்றார். கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளைக்குக் கைகொடுக்கப் போனான். மாப்பிள்ளையின் அப்பா பாய்ந்து வந்து நடுவில் நின்று அந்தக் கையைத் தானே வாங்கிக்கொண்டார். ஏதோ தியாகியைப்போல! அடுத்த ஆட்டத்தில் ஒரு சாதாரண உதை. பிடிக்க வேண்டிய பந்து. கையை நீட்டியவன் ஒரு நொடி தன் கையையே பார்த்தான். பந்து உள்ளே போய்விட்டது.

கேலரி மொத்தமும் கத்தியது: "ராசியில்லாத கை! ராசியில்லாத கை!"

மறுநாள் அவன் அக்கா வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தான்.

"அக்கா, நான் விட்டுடறேன்."

"எதைடா?"

"ஆட்டத்தைத்தான். பந்து வந்தா அதைப் பார்க்கணும்ல? நான் என் கையைப் பார்க்கிறேன். அவங்க சொல்றது நிஜமோன்னு எனக்கே தோணுது."

அக்கா டவுன் பஸ்ஸில் கண்டக்டர். கூட்ட நெரிசலில் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பொய் சொன்னாலும் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணவரிடம் போனாள்.

"என்னங்க, நேத்து வாங்கின மூணு கோல்ல முதல் ரெண்டு எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?"

"வலது பக்கம்."

"அந்தப் பக்கத்தைக் காக்க வேண்டிய நம்ம ரைட் பேக் எங்கே இருந்தான்?"

"முன்னால ஏறிப் போயிருந்தான்."

"திரும்பி வந்தானா?"

"எங்கே வந்தான்? இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னான்."

"அப்ப ராசி எங்கே இல்லை? அவன் காலுலயா, என் தம்பி கையிலயா?"

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதெல்லாம் ஆட்டக் கணக்கும்மா. இது அதுக்கும் மேல."

"மேலன்னா எங்கே? சைக்கிள் ஸ்டாண்டு மாடியா?"

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் ஸ்டேடிய வாசலில் கூட்டம் கூடுவது, கோல்கீப்பரை மாற்றாவிட்டால் ஆட்டத்தை நடக்க விடுவதில்லை என்று சங்கம் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானத்தைப் படிக்க வேண்டியவர் தலைவர். அவருக்கு அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. பெண்டாட்டி முகத்தைப் பார்த்தால் பயம். பந்து முகத்தைப் பார்த்தாலும் பயம்.

நடுவில் ஒரு ஆட்டம். வெளியூர் அணியோடு டிரா. ஆட்டம் விட்டு வந்த கூட்டம் கண்டக்டரின் பஸ்ஸில் ஏறியது. ஜன்னலோரத்தில் ஒருவர் தனக்குள் முனகிக்கொண்டிருந்தார்.

"நான் யார்கிட்டேயும் சொல்லலையே… எப்படி மாறிச்சு?"

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "ஆட்டம்தான் முடிஞ்சிடுச்சே அண்ணே. இனிமே சொன்னா என்ன? உங்க காதுல என்ன ஊதினாரு?"

"வெற்றின்னாரும்மா."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "வெற்றியா? எனக்குத் தோல்வின்னாரே?"

"எனக்கு டிரா! அப்படியே பலிச்சிடுச்சு!" என்று பின்படியிலிருந்து ஒரு குரல் துள்ளியது.

கண்டக்டர் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். விசில் அடிக்க மறந்து சிரித்தாள். டிரைவர், "போகலாமா, இல்லை நீங்க சிரிச்சு முடிக்கணுமா?" என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தாள்.

சனிக்கிழமை வந்தது. ஸ்டேடிய வாசலில் எள் விழ இடமில்லை. உயரமான நாற்காலியில் செவிஞானி. மடியில் பந்து. காலை முதல் அத்தனை பேர் காதிலும் ஊதி முடித்துக் களைத்திருந்தார். ஸ்டேடிய மாடி ஜன்னலிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கை பாக்கெட்டில்தான். கோல்கீப்பர் கேட்டுக்கு உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தலைவர் தீர்மானத்தைப் படிக்க வாயைத் திறந்தார். காக்கி யூனிஃபாரத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் கண்டக்டர்.

"நகருங்க, நகருங்க! உள்ளே இடமிருக்கு! படியில நிக்காதீங்க!"

பழக்கதோஷம். கூட்டமும் பழக்கதோஷத்தில் வழிவிட்டது. அவள் ஒரு படியின் மேல் ஏறி நின்றாள்.

"எனக்கு இப்பதான் புத்தி வந்துச்சு. ஞானியோட பெருமையை நான் இத்தனை நாள் புரிஞ்சுக்கலை. பந்து பேசுறது உண்மைன்னா என் தம்பியை நானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கைதட்டல் காதைப் பிளந்தது. ஞானி புன்னகைத்தார். தலைவருக்கு மட்டும் வியர்த்தது. அவளிடம் இவ்வளவு மரியாதையை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"அந்தப் பெருமையை மேல நிக்கிற மேனேஜரும் பார்க்கட்டுமே? எல்லாரும் கண்ணை மூடிக்கங்க. நான் விசில் அடிச்சதும், காதுல வெற்றின்னு கேட்டவங்க ரெண்டு கையையும் மேல தூக்குங்க. தோல்வின்னு கேட்டவங்க தலையில கை வச்சுக்கங்க. டிரான்னா கையைக் கட்டிக்கங்க. இத்தனை ஆயிரம் கையும் ஒரே மாதிரி நிக்கும்! மேனேஜர் ஆடிப்போயிடுவாரு!"

ஞானியின் புன்னகை பாதியில் நின்றது. "கூடாது! ரகசியம் வெளியே வந்தால் பந்து…"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? யாரும் திறக்கப் போறதில்லையே."

"ஆமா, ஆமா! வாயைத் திறக்காம கையைத் தூக்கலாம்!" என்று பல் டாக்டரே உற்சாகமாகக் கத்தினார். வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவர் அப்படிச் சொன்ன பிறகு அப்பீல் ஏது?

கூட்டம் கண்ணை மூடியது. விசில் அலறியது. கைகள் அசைந்தன.

"இப்ப கண்ணைத் திறங்க."

திறந்தார்கள்.

தலைவரின் கைகள் தலைமேல். அவர் தோளை உரசி நின்ற பல் டாக்டரின் இரண்டு கைகளும் வானத்தில். அவருக்கு அடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் ஒருவர் தலையில் கை. அவர் மனைவியின் கை வானத்தில். ஒரே மைதானத்தில், இன்னும் தொடங்காத ஒரே ஆட்டத்தில், கிளப் ஒரே நேரத்தில் ஜெயித்து, தோற்று, டிராவும் செய்துகொண்டிருந்தது.

"டாக்டர்… உங்களுக்கு வெற்றியா?"

"ஆமா தலைவரே. உங்களுக்கு?"

தலைவர் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. இப்போது அது வேறு காரணத்துக்காக அங்கே இருந்தது.

"அவரவர் வினைக்கு ஏற்ப பந்து…" என்று ஆரம்பித்தார் ஞானி.

"வினை ஆயிரம் இருக்கட்டும். ஸ்கோர் போர்டு ஒண்ணுதானே?" என்றாள் கண்டக்டர். "சரி, பழசை விடுங்க. இப்ப பந்தைக் கேட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரே பதில் சொல்லுங்க. வெற்றியா, தோல்வியா, டிராவா?"

ஞானி பந்தில் காதை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"பந்து… தூங்குகிறது," என்றார்.

முதலில் சிரித்தவர் பல் டாக்டர். அவர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். அது பக்கத்தில் தொற்றி, வரிசை வரிசையாகப் பரவி, டிக்கெட் கவுண்டர் வரை போனது. சிரித்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ ஒருவருக்குக் காணிக்கை ஞாபகம் வந்து, "பிடிங்கப்பா அந்த ஆளை!" என்றார். ஞானி நாற்காலியிலிருந்து குதித்தார். வலது ஓரமாக ஓடினார். இரண்டு பேரை உடலை வளைத்து ஏமாற்றினார். ஒருவர் காலைத் தாண்டினார். தங்கச் சட்டை ஒருவர் கையில் சிக்கியது. அதைக் கழற்றி விட்டுவிட்டு பனியனோடு சந்துக்குள் மறைந்தார்.

மாடியில் மேனேஜர் முதல் முறையாகப் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். "இந்த வேகம் நம்ம ரைட் விங்ல ஒருத்தனுக்கும் இல்லையே!" என்று வாய்விட்டுப் புலம்பினார்.

அன்றைக்கு டிக்கெட் கவுண்டரில் கூட்டம் அலைமோதியது. கிளப் ஜெயித்ததா? இல்லை. ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றது. கோல்கீப்பர் பாய்ந்தும் விழுந்தும் எத்தனையோ தடுத்தான். இரண்டு கோலும் வலது பக்கமிருந்தே வந்தன. ஆனால் இந்த முறை கேலரி கோல்கீப்பரின் கையைத் திட்டவில்லை. "ஏய் ரைட் பேக்! திரும்பி வாப்பா! வீடு இந்தப் பக்கம் இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தியது. கடைசிப் பத்து நிமிடம் அவன் வெட்கப்பட்டாவது திரும்பி ஓடிவந்தான்.

ஆட்டம் முடிந்து தலைவர் மைத்துனன் முன்னால் போய் நின்றார். அவனுடைய சேறு படிந்த கையுறைகளைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"கொடு மாப்பிள்ளை. நானே என் கையால துவைச்சுத் தர்றேன்."

"நல்லாத் துவைங்க மாமா. நீங்க எல்லாரும் பேசின பேச்சும் அதுல ஒட்டியிருக்கு," என்றான் அவன். சொல்லிவிட்டுச் சிரித்தான். தலைவர் சிரித்ததில் கண்ணும் கலங்கியது.

சாயங்காலம் சலவைக்கடையில் உட்கார இடமில்லை. ரைட் பேக்கைப் பிடுங்குவதா, சொல்லித் திருத்துவதா, அவன் ஏறினால் அந்த இடத்தைக் காப்பது யார் என்று எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மேனேஜரே வந்து வாசலில் நின்று கேட்டதாகச் சொல்கிறார்கள்.

சண்டைக்கு நடுவே பல் டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எல்லாம் சரிம்மா… அடுத்த சனிக்கிழமை என்ன ஆகும்?"

"ஆடினா தெரியும்," என்றாள் கண்டக்டர்.

இதைச் சொல்ல ஞானி எவனும் தேவையில்லை, பெரியோர்களே. புரிந்துகொள்ள ஒரு மூளை இருந்தால் போதும். அது எல்லோருக்கும் இலவசமாகத்தான் கிடைத்திருக்கிறது. பயன்படுத்தாமல் வைத்திருப்பதற்குத்தான் செலவு அதிகம்.