மாதிரி எண் நாற்பத்தேழு

சாப்பாட்டு அறைக் குளிர்பெட்டியிலிருந்த பையைச் சமாளி திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு காம்புகூட மிச்சமில்லை.

"இங்க ஒரு கட்டு லெட்டூஸ் கீரை இருந்துச்சே, எங்க சார்?"

பக்கத்தில் ரொட்டியை மென்றுகொண்டிருந்த ஆய்வுக்கூட இயக்குநர் முகம் மலர்ந்தார். "நீதான் வாங்கி வச்சியாம்மா? மொறுமொறுன்னு அருமையா இருந்துச்சு. நாளைக்கும் வாங்கிட்டு வா."

அது பயிர்நோய் ஆய்வுக்கூடத்துக்கு வந்த சோதனை மாதிரி. எண் நாற்பத்தேழு. செடியெல்லாம் வெளிறிச் சுருங்குகிறது, வைரஸா என்று பார்த்துச் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன் என்று தோட்டக்காரர் ஒருவர் முந்தின நாள்தான் போனில் கெஞ்சியிருந்தார். காலையில் யாரோ கொடுத்துவிட்டுப் போன பையைக் காவலாளி தூக்கிவந்ததும், அவள் எண் எழுதிய சீட்டை ஒட்டினாள். இலை பச்சைப் பசேலென்றுதான் இருந்தது. உள்ளே ஒளிந்திருக்கும் வைரஸ் கண்ணுக்கா தெரியும்? ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டி பழுதாகிக் கிடந்ததால், "ஒரு நாள்தானே, சமாளிச்சுக்கலாம்" என்று சாப்பாட்டு அறைப் பெட்டியில் வைத்தாள். எதற்கெடுத்தாலும் அப்படிச் சொல்வதால்தான் அவளுக்கு அந்தப் பெயரே. சீட்டு ஈரத்தில் கழன்று, இப்போது பெட்டியின் அடியில் கிடந்தது.

தாவர வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது. அந்தக் கவலை அவளுக்கு இல்லை. ஆனால் ஒன்பது வருடமாக ஒரு மாதிரியைக்கூடத் தொலைக்காதவள் அவள். இதையா போய்ச் சொல்வது?

தெருமுனைக் கடைக்கு ஓடினாள். ஒரு கட்டு லெட்டூஸ் வாங்கினாள். கடைச் சரக்கு எப்படியும் சுத்தமாகத்தான் இருக்கும். வைரஸ் இல்லை, எதற்கும் இன்னொரு செடி அனுப்புங்கள் என்று தோட்டக்காரரிடம் கேட்டால் கதை முடிந்தது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு இலையை அரைத்தாள். சோதனைத் தட்டின் சின்னக் குழிகளில் சாற்றை விட்டாள். வைரஸ் இருந்தால் குழி மஞ்சளாகும். இல்லையென்றால் நிறமே வராது.

மறுநாள் பார்த்தால், நாற்பத்தேழாம் குழி பளிச்சென்று மஞ்சள். கடைச் சரக்குக்கே நோய்!

"மொசைக் வைரஸ்!" அவள் தோளுக்குப் பின்னாலிருந்து இயக்குநர் கூவினார். "நான் அப்பவே நினைச்சேன்!"

"சார், ஒரு தடவை தப்பா வரலாம். மறுபடி பார்த்துடறேனே?"

"அதான் முறை. உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்மா எனக்கு."

இம்முறை ஏமாறக் கூடாது என்று நினைத்தாள். இரண்டு தெரு தள்ளியிருந்த பெரிய கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் ராஜா மாதிரி வீற்றிருந்த கட்டை வாங்கிவந்தாள். அடுத்த நாள் குழி முன்னைவிட மஞ்சள்.

"ரெண்டு தடவையும் உறுதி! அவர் தோட்டத்து எட்டாயிரம் செடியையும் இன்னைக்கே பிடுங்கி எரிக்கணும். இல்லன்னா பக்கத்துத் தோட்டமெல்லாம் போயிடும்." இயக்குநர் தோட்டக்காரருக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. "நேர்லயே போறேன். வண்டி எடுக்கச் சொல்லு."

'பிள்ளையாட்டம் வளர்த்தேம்மா' என்று அந்த மனிதர் போனில் சொன்னது சமாளியின் காதில் இன்னும் கேட்டது. வாசலுக்கு ஓடி, காரின் கதவை மறித்து நின்றாள்.

"போகாதீங்க சார். அது அவர் செடியே இல்ல."

"பின்ன யாரோடது?"

"முதல்ல பார்த்தது தெருமுனைக் கடையோடது. ரெண்டாவது பெரிய கடையோடது."

"அப்ப அவர் அனுப்பினது எங்க?"

சமாளி அவர் வயிற்றைப் பார்த்தாள். உடனே தரையைப் பார்த்தாள்.

"நீங்கதான் சார்... ரொட்டியில வச்சு..."

இயக்குநரின் கை மெதுவாகத் தொப்பைக்குப் போனது.

"இருபத்தஞ்சு வருஷமா இந்த வைரஸைத் தேடித் தேடிக் கண்டுபிடிக்கிறவன்மா நான்! தின்னும்போது தெரியலியே!" "அந்த மனுஷன்கிட்ட என்னன்னு சொல்றது? உங்க மாதிரியை முழுங்கிட்டேன்னா?"

"நான் சொல்றேன் சார். தப்பு என்னோடது. இந்தத் தடவை சமாளிக்கப் போறதில்ல, உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். வேலை போனாலும் போகட்டும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூன்று நாளில் முதன்முறையாக மூச்சு சீராக வந்தது.

அப்போது ஒரு சின்ன வேன் வந்து நின்றது. சேறு அப்பிய செருப்போடு இறங்கிய பெண்மணி, தோட்டக்காரரின் மனைவி என்று சொல்லிக்கொண்டு, வாடி வெளிறிய நாலு செடியை இயக்குநரிடம் நீட்டினார்.

"வண்டி ரிப்பேரு, அதான் மூணு நாள் தாமதமாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க சார். நோய் பிடிச்ச செடி இதுதான். அன்னைக்குக் குடுத்துவிட்டது நீங்க எல்லாரும் சாப்பிடறதுக்கு, நல்லா இருந்துச்சா?"